ஏழு என்றால் சம்மதம்

வாருங்கள் கண்ணுகளா, பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள்; வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன்.

வீட்டு இயந்திரங்களே சம்பந்தம் பேசும் காலம் அது. காரைக்குடி நன்மாறன் வீட்டு இயந்திரம், தேனியிலிருந்த குயிலி வீட்டு இயந்திரத்திடம், "பெண்ணுக்குச் சம்மதமா? கேட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிடு" என்றது. இரண்டின் நிரல்களும் வெவ்வேறு கணினி மொழியில் எழுதப்பட்டவை. குயிலிக்கோ மாப்பிள்ளையிடம் கேட்க ஏழு கேள்விகள் இருந்தன. அவள் வீட்டு இயந்திரம் அவற்றை எண்ணி, 'ஏழு' என்று மட்டும் சொன்னது. காரைக்குடி இயந்திரத்துக்கோ பூஜ்யம் வந்தால் 'இல்லை' என்று அர்த்தம். வேறு எந்த எண் வந்தாலும் 'ஆமாம்'!

மறுநாள் தேனித் தெருவில் நாதஸ்வரம். பூ வைக்கத் தாம்பாளங்களோடு பஸ் நிறையச் சொந்தங்கள்.

குயிலி வாசலை மறித்தாள். "நான் எப்ப சரின்னு சொன்னேன்? கேள்விதானே கேட்டிருந்தேன்!"

நன்மாறனுக்கு வேர்த்துவிட்டது. "இப்பக் கேளுங்க. பிடிக்கலைன்னா பஸ்ஸைத் திருப்பிடுறோம்."

தெருவே வேடிக்கை பார்க்க, முதல் ஆறு கேள்விகளுக்கும் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னான். ஏழாவதாக, "என்கிட்ட நீங்க எதுவும் கேக்கணுமா?" என்றாள்.

"கொஞ்சம் உக்காந்துக்கலாமா? கால் வலிக்குது."

குயிலி சிரித்துவிட்டாள். அவன் அம்மாவிடம் திரும்பி, "அத்தை, அந்தப் பூவை வச்சு விடுங்க" என்றாள்.

உங்களுக்கும், கேட்டதற்கெல்லாம் நேரில் வந்து பதில் சொல்லும் துணை வாய்க்கட்டும், எல்லோரும் நன்றாயிருங்கள்.