பத்தொன்பதாவது ஆள்

2011 ஜூன் 18, சனிக்கிழமை. விக்டோரியா மாநிலத்து டன்மாரா மைதானத்தில், ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய் கேலமுக்கு ஒரு நிமிடம் மௌனம் காத்துவிட்டு, அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தைத் தொடங்கினார்கள். அவனுடைய அம்மா நோரீன்தான் டன்மாரா அணியின் மேலாளர்.

மூன்றாம் பகுதியில் எதிரணித் தலைவன் நடுவரிடம் ஓடினான். "தலையை எண்ணுங்க சார். ஆள் கூட விட்டு ஆடுறானுங்க."

களத்தில் பதினெட்டுக்கு மேல் ஒருவன் இருந்தாலும் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளிகள் எல்லாம் போய்விடும். நடுவர் டன்மாரா அணியை வரிசையில் நிறுத்தித் தோளைத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது.

நோரீன் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். பதினெட்டுப் பேர் குரல் கொடுத்தார்கள். மாற்று ஆட்கள் நால்வரும் பெஞ்சில் இருந்தார்கள்.

"ஒருத்தனை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றான் எதிரணித் தலைவன்.

"உன் டவுசருக்குள்ள தேடு."

அவள் நடுவரிடம் திரும்பினாள். "கடைசியா யாரைத் தொட்டீங்க?"

"இடது புருவத்துல தையல் தழும்பு இருந்த பையனை."

வரிசையில் அப்படி யாரும் இல்லை. கேலமுக்கு அதே புருவத்தில் ஏழு தையல் போட்டபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"ஆட்சேபம் இருந்தா எழுதுங்கம்மா" என்று நடுவர் எண்ணிக்கைத் தாளை நீட்டினார்.

நோரீன் தாளை வாங்கி, எண்ணிக்கை சரி என்று கையெழுத்திட்டாள். டன்மாராவின் அறுபத்தொரு புள்ளிகளும் அழிக்கப்பட்டன.