புழு விழாத கத்தரிக்காய்

வதக்கிய கத்தரிக்காயை எடுக்க மகள் கையை நீட்டினாள். அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உனக்குத்தான் கடைக் காய் வாங்கி வெச்சிருக்கே. அதைச் சாப்பிடு.”

“ஒரே ஒரு துண்டுப்பா.”

“சொன்னா கேக்கணும். இது நோயாளிக்கு.”

பத்து வயதுப் பெண் முகம் சுருங்கி எழுந்து போனாள். அவர் தலை நிமிராமல் கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினார். மகள் பிறந்த பத்து வருஷத்தில், அவளுக்கு ஊட்டாமல் அவர் ஒரு வாய் தின்று மனைவி பார்த்ததில்லை. நோய் வந்தால் மனுஷன் இப்படியும் ஆவானா?

“பெத்த பொண்ணுங்க அவ. ஏதோ கண்ணு வைக்க வந்தவளாட்டம் விரட்டுறீங்க.”

“தட்டை எடு” என்றார்.

அவள் கத்தரித் தோட்டம் போட்டதே அவருக்காகத்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், போன வருஷம் வேலை நடுவில் சுருண்டு விழுந்தார். கல்லீரல் பாதி போய்விட்டது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்தடித்த காய்கறி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மொட்டைமாடியில் இருபது தொட்டி வைத்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்த கையோடு வேப்பங்கொட்டையை இடித்தாள். விறகுச் சாம்பலைச் சலித்து மஞ்சள்தூளோடு அதில் கலந்தாள். பால்பவுடர் டப்பாவின் மூடியில் ஆணியால் துளை போட்டு, இலையில் பனி காய்வதற்குள் தூவினாள். ஈர இலையில்தான் பொடி ஒட்டும்.

முதல் காய்ப்பை முழுக்கப் புழு தின்றது. நறுக்கிய காயிலெல்லாம் நெளிந்தது. இரண்டு நாள் அவள் வாயில் பச்சைத்தண்ணீர் படவில்லை. தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

“ஒரு செடியைக் காப்பாத்தத் துப்பில்ல. உங்கள எப்படிங்க காப்பாத்தப் போறேன்?”

மூன்றாம் நாள் அவர் டப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீ அரைச்சுக் குடு, போதும். தூவுறது, பறிக்கிறது எல்லாம் என் பாடு. நீங்க ரெண்டு பேரும் செடிப் பக்கம் வராதீங்க. எனக்கும் பொழுது போகணும்ல?”

அதற்குப் பிறகு புழு போன இடம் தெரியவில்லை. காய் ஒவ்வொன்றும் துடைத்து வைத்தாற்போலப் பளபளத்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அரைத்த பொடியில், வாசலில் கத்தரிச்செடி வைத்திருந்த கீழ் வீட்டு அக்காவுக்கும் ஒரு டப்பா கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து அக்கா மாடிப்படியில் மறித்தாள். இடுப்பில் துணிக்கூடை.

“என்னடி பொடி குடுத்தே? எங்க வீட்டுப் புழுவெல்லாம் அதைத் தின்னுட்டு என்னை மாதிரி கொழுத்துக் கெடக்கு. செடிதான் குச்சியாப் போச்சு.”

“தூவுற கையோட ராசிக்கா அது.”

“ஆமா, எங்க கை மட்டும் விளங்காத கை.”

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் முகம் சிறுத்துப்போனதை அவள் கவனித்தாள்.

செடி நிமிர நிமிர அவர் சாய்ந்துகொண்டே வந்தார். கை நடுங்கியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. கண் மங்குகிறது என்றார். ஒருநாள் விடிகாலை, மாடியிலிருந்து இறங்கும்போது படியிலேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் டாக்டர் காகிதங்களோடு வந்தார். கதவைச் சாத்தினார்.

“வீட்ல பூச்சிமருந்து அடிக்கிறீங்களா?”

“ஐயோ, இல்ல டாக்டர். வேப்பங்கொட்டை, சாம்பல், மஞ்சள். என் கையால அரைக்கிறேன்.”

“இவர் ரத்தத்துல பூச்சிமருந்து இருக்கு. ஒரு நாள்ல சேர்ந்தது இல்ல. வாரக்கணக்கா உள்ள போயிருக்கு. நல்ல உடம்பே தாங்காது.” டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். “நேத்து உங்களுக்கும் பொண்ணுக்கும் எடுத்துப் பார்த்தோமே, அதுல ஒண்ணுமில்ல. இவருக்கு மட்டும்தான்.”

“பொழைச்சுக்குவாரா?”

“கூடவே இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போனார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். மாடிக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் இதோ கட்டிலில் கிடக்கிறார். இன்னொருத்தி, துணி காயப்போட ஏறும் கீழ் வீட்டு அக்கா. தன் செடி பட்டுப்போன வயிற்றெரிச்சல்.

“அவதாங்க. அவளேதான். பல்லைக் காட்டிக்கிட்டே வந்து என் செடியில விஷத்தைத் தூவிட்டுப் போயிருக்கா, பாவி. அவ நல்லா இருப்பாளா? இப்பவே போலீஸுக்குப் போறேன்.”

எழுந்தவளின் மணிக்கட்டை அவர் பிடித்தார். பிடியில் வலு இல்லை. ஆனால் விடவில்லை.

“அவங்க மேல பழி போடாத. உன் பொடிக்கு ஒரு புழுகூடச் சாகலம்மா” என்றார். “நீ அழுதது தாங்காம, கடை மருந்தை வாங்கித் தூவினது நாந்தான்.”