நாய்க்குடை

காளானைப் பிடுங்கிக் குடையாக விற்கலாம் என்று தவளைக்குத் தோன்றியது. ஊர் அதை எப்படிச் சொல்லுமோ அப்படியே 'நாய்க்குடை' என்று பலகை எழுதிக் கடை போட்டது. மழை கொட்டியும் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில், தொழிலுக்கு யோசனை சொல்லும் பூனையைக் கூட்டிவந்தது.

பூனை பலகையைப் படித்தது. "சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் பிடிச்சுக்கிட்டுப் போனா எங்க ஆளுங்க என்ன நினைப்பாங்க? வாங்குறவங்க பேரை வை, தம்பி."

தவளை உடனே கோழிக்குடை, ஆட்டுக்குடை, பூனைக்குடை என்று எழுதிவைத்தது. சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு குடைதான் மிச்சம்.

அப்போது சொட்டச் சொட்ட நனைந்தபடி நாய் வந்தது. "என் பேர்ல இங்கே ஏதோ கடை இருந்துச்சாமே?"

"இப்போ பூனைக்குடைதான் இருக்கு, அண்ணே."

நாய் கொட்டுகிற மழையைப் பார்த்தது, குடையைப் பார்த்தது.

"தூறல்தானே," என்று நடையைக் கட்டியது.