ஒண்ணாம் நம்பர் கனெக்‌ஷன்

“எங்க வீட்டு கேபிளை வெட்டி விடுங்க.”

வாசலில் சாத்தியிருந்த அலுமினிய ஏணியைத் தாண்டி உள்ளே வந்தவள், கையிலிருந்த துணிப்பையை மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அது வாசல்படி வரைக்கும்தான் ஞாபகத்தில் இருந்தது.

கேபிள் ஆபீஸ்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். சரியப்போன பையைச் சட்டென்று பிடித்து நிமிர்த்தி வைத்தார். “முடியாது” என்றார்.

படம் தெரியவில்லை என்று புகார் சொல்ல வந்து அரை மணி நேரமாக நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த தையல்காரருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. கேபிள் பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாளே என்று பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் முடியாது?”

“அறுநூறு கனெக்‌ஷன் இருந்த இடத்துல இப்ப நூத்தி எண்பது. போறவங்க போகட்டும், கேட்டா வெட்டத்தான் செய்றேன். ஆனா அது ஒண்ணாம் நம்பர். தொழிலுக்கு வந்து நான் இழுத்த முதல் லைன். அதை வெட்டிட்டா அப்புறம் கடையைச் சாத்திட வேண்டியதுதான்.”

வேலைக்கான கடிதம் வந்து நாலு நாளாகிவிட்டது. நாலு நாளும் மொட்டை மாடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, சிக்னலுக்கு அலைந்து அலுத்துப்போயிருந்தாள் அவள்.

“திங்கக்கிழமை நான் வேலையில சேரணும். வீட்ல இருந்தே பார்க்கிற வேலை. நெட் லைன் இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. சுவத்துல இருக்கறது ஒரே ஒரு ஓட்டை, அதை உங்க கம்பி அடைச்சுக்கிட்டிருக்கு. இன்னொரு ஓட்டை போட்டா வீட்டுச் சொந்தக்காரம்மா சாமானைத் தூக்கித் தெருவுல வச்சிடுவாங்க.”

“வேலைக்கு நெட் சரி. டிவிக்கு?”

“அதையும் நெட்லயே பார்த்துக்குவோம்.”

கேபிள்காரருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. ஊரெல்லாம் பேசிப் பழகிய பேச்சு.

“நெட்லயா? தொடர் ஒரு ஆப்புல, படம் இன்னொரு ஆப்புல. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சந்தா. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு வீடே தலைகீழா நிக்கும். பக்கத்து வீட்ல கோல்னு கத்தி, தண்ணியும் குடிச்சுட்டு உட்கார்ந்தப்புறம்தான் உனக்குப் பந்தே உள்ள போகும். எங்கிட்ட அப்படியா? பட்டனை அமுக்கினா படம்.”

“முந்நூறு சேனல். பார்க்கறது நாலு. மிச்சமெல்லாம் நகை விளம்பரமும் மூட்டுவலித் தைலமும். தூறல் விழுந்தா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, பேசறவன் வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம்.”

“தையல் விட்ட சட்டை மாதிரி” என்றார் தையல்காரர். “எனக்கும் அப்படித்தான்.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் கேபிள்காரர். “எங்கிட்ட கெட்டுப்போச்சுன்னா ஒரு ஃபோன் போதும், ஒரு மணி நேரத்துல ஆள் வரும். நெட் கம்பெனிக்குப் போட்டுப் பாரு. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு மெஷின்தான் பேசும்.”

“ஆள் வரும்னு சொல்லிட்டு, ஃபோனைக் கவுத்து வச்சுட்டுத் தூங்கிடுவீங்க. அந்த மெஷினாவது முழிச்சிருக்கும்.”

“அதான் மூணு நாளா எடுக்கலையா?” தையல்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். கேபிள்காரர் டிராயரைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினார்.

“உங்கம்மாவுக்கு எட்டு மணித் தொடர் பார்க்கலைன்னா தூக்கம் வராது. அதை யோசிச்சியா?”

“மொட்டை மாடியில வச்சு என் ஃபோன்ல காட்டிட்டேன். அழுகையெல்லாம் ஓட்டி விட்டுட்டு ஒரே மூச்சுல பதினோரு பாகம் பார்த்தாங்க. பார்த்துட்டு, ‘யார்கிட்டயும் சொல்லிடாதடி’ன்னாங்க.”

கேபிள்காரருக்கு முகம் செத்துவிட்டது. தையல்காரருக்கே பொறுக்கவில்லை.

“ஏம்மா, பெரிய மனுஷன்கிட்ட இப்படியா பேசறது? நாலெழுத்து படிச்சுட்டா வாய் இவ்வளவு நீண்டுடுமா?”

“எங்க பரம்பரையிலயே நாலெழுத்து படிச்சது நான் ஒருத்திதான். அத்தனை பேருக்கும் சேர்த்து நானே பேச வேண்டியிருக்கு.”

“உங்கப்பா இதுக்கு என்ன சொல்றாரு?” என்றார் தையல்காரர்.

“இப்ப வரைக்கும் முடியாதுன்னுதான் சொல்றாரு.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “நெட்காரங்க மூணு மணிக்கு வராங்க. நான் கேட்க வரல, சொல்ல வந்தேன். ஒண்ணாம் நம்பரை வெட்ட உங்களுக்குக் கை வராது. நானே வெட்டிக்கறேன்.”

ஆணியில் தொங்கிய கட்டிங் பிளேயரை எடுத்து இடுப்பில் செருகினாள். வாசலில் இருந்த ஏணியை நடுப்படியில் பிடித்து, பழகிய கையாகத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தையல்காரர் பதறி எழுந்தார். “என்னங்க இது, ஏணியைத் தூக்கிட்டுப் போறா, பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?”

கேபிள்காரர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். ஒண்ணாம் நம்பருக்கு நேராகப் பேனாவை வைத்தார், கோடு இழுக்கவில்லை. பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மேல் படி ஆடும். பார்த்து ஏறு.”

தெருவிலிருந்து பதில் வந்தது.

“தெரியும், அப்பா. சாப்பாடு பையில இருக்கு, ஆறிடப் போவுது.”