வேலியோரத்து மரங்கள்

மோட்டார் சத்தம் கேட்டதுமே டீச்சர் எழுந்துவிட்டாள்.

பிள்ளைகளைப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஒரு ஜன்னலில் கொக்கி உடைந்திருந்தது. இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு வெளியே பார்த்தாள்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம். மருந்தடிக்கும் ஆள் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வேலியோரமாகவே நடந்து வந்துகொண்டிருந்தான். சாரல் புகை மாதிரி எழும்பி மரங்களை மூடியது. முகமூடியைக்கூடப் போடாமல் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். தன் உயிரையே துச்சமாக நினைக்கிறவன் ஊரான் வீட்டுப் பிள்ளைகளை நினைக்கவா போகிறான்?

பின்னால் யாரோ இருமினார்கள். சட்டென்று திரும்பினாள். அவள் மகள் இல்லை, ஒரு பையன்.

மகளும் அதே பாலர் வகுப்பில்தான் இருந்தாள். பிறந்ததிலிருந்து வீசிங். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோலப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் நினைப்பாள். ஆனால் மோட்டார் ஓடுகிற நேரத்தில் மட்டும் அவள் கண் ஒரே ஒரு சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பள்ளி நேரத்தில் பக்கத்துத் தோட்டங்களில் மருந்தடிக்கக் கூடாது என்று அந்த வருஷம்தான் உத்தரவு வந்திருந்தது. ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்ததே தோட்டத்து முதலாளிதான் என்பதால் அவர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றார். பொறுத்துப் பார்ப்போமே என்றார்.

அவளே முதலாளியைப் போய்ப் பார்த்தாள். மனுஷர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். காலையில்தான் காற்று குறைவு, அப்போது அடித்தால்தான் மருந்து இலையில் நிற்கும் என்றார்.

"பூச்சிக்கெல்லாம் பள்ளிக்கூட மணி தெரியாதேம்மா" என்று சிரித்தார்.

மறுநாள் வேலியருகே போய் நின்று அந்த ஆளையே கூப்பிட்டாள். அவன் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தான். உத்தரவைச் சொன்னாள், பிள்ளைகள் இருமுவதைச் சொன்னாள், மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. அவன் ஒருமுறை முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தணிந்த குரலில் சொன்னான்.

"பயப்படாதீங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். விஷத்தைத் தெளித்துவிட்டு ஒன்றும் ஆகாதாம்.

அன்று சாயங்காலமே மகளுக்கு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. தூசியோ, புகையோ, மருந்து வாடையோ, இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். டீச்சருக்கு அதில் சந்தேகமே இல்லை. குழந்தையின் முகத்தில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே முடிவு பண்ணினாள்.

விவசாய அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். முதலாளி மேல் மட்டுமல்ல, அந்த ஆள் மேலும்.

அதிகாரி வந்து வேலியோரத்து மரங்களில் இலை பறித்துப் பைகளில் போட்டு சீல் வைத்தார். அந்த ஆள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று டீச்சர் நினைத்தாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் அதிகாரி போன் பண்ணினார்.

"இலையில மருந்தே இல்லம்மா. ஒரு சொட்டுகூட இல்ல."

அதனால் கேஸ் நிற்காது, முதலாளிக்கும் ரிப்போர்ட் அனுப்பியாயிற்று என்றார். எப்படி இல்லாமல் இருக்க முடியும், என் கண்ணால் பார்த்தேனே என்று அவள் கேட்டதற்கு, ரிப்போர்ட்டில் இருப்பதைத்தான் சொல்கிறேன் என்றார். முதலாளிக்குச் செல்வாக்கு அதிகம், எங்கேயோ ஆளைப் பிடித்துவிட்டார் என்று அவள் புரிந்துகொண்டாள். இனி யாரிடம் போவது என்று தெரியவில்லை. பயம் முன்னைவிடக் கனமாக நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் மறுபடியும் மோட்டார் சத்தம்.

வகுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலிக்கு ஓடினாள். மரங்களுக்கிடையில் வந்தது வேறொருவன். முகமூடி, கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவள் கை காட்டியதும் மோட்டாரை அணைத்து, முகமூடியைக் கீழே இறக்கி, பணிவாக வணக்கம் சொன்னான்.

அந்த ஆளாவது தொலைந்தானே என்று அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். பழைய ஆள் எங்கே என்று கேட்டாள்.

"முதலாளி நிறுத்திட்டார் டீச்சர். உங்க புகாருக்கு வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துதான் அவருக்கு விஷயமே தெரிஞ்சிருக்கு. தோட்டம் பூரா மருந்தடிச்சிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற மரங்களுக்கு மட்டும் இத்தனை நாளா வெறும் தண்ணியை அடிச்சிருக்கார் அந்த மனுஷன்."

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் முதுகில் இருந்த டேங்க்கையே பார்த்தாள். அதில் விளிம்பு வரை மருந்து நிரம்பியிருந்தது. வெள்ளையாக, பால் மாதிரி.

அவள் பார்ப்பதைக் கவனித்து அவன் சிரித்தான்.

"நான் அப்படி இல்ல டீச்சர். வேலையில ஏமாத்துறது எனக்குப் பிடிக்காது."