பத்தொன்பது நாள் தினப்படி

“மதினி, அண்ணாச்சி போன மாசம் ஒருநாளாவது டெல்லிக்குப் போனாவளா?”

செண்பகராஜ் கேட்ட தோரணையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மீனாட்சியம்மாளின் கை நின்றது.

“என்ன கேள்வி தம்பி இது? ஜூலை ஒண்ணாந்தேதி காய்ச்சலோட வந்து எறங்குனாவ. அதுக்கப்புறம் வாசல் தாண்டுனதெல்லாம் உன் ஜீப்புலதான?”

“அதான் மதினி எனக்கும் புரியல.”

மீனாட்சியம்மாளின் கணவர் எம்.பி. நவநீதகிருஷ்ணனிடம் பதினோரு வருஷமாக உதவியாளனாக இருப்பவன் செண்பகராஜ். டெல்லியிலிருந்து அன்று காலை உறையில் வந்த எம்.பி.யின் ஜூலை மாதச் சம்பளக் கணக்குத் தாளை அவள் முன் நீட்டினான்.

“சம்பளம், தொகுதிப்படி எல்லாம் எப்பவும் போலத்தான். இந்தத் தினப்படியைப் பாருங்க. சபை நடக்கிற அன்னிக்கு அங்கன பதிவேட்டுல எம்.பி.யே கையெழுத்துப் போட்டாத்தான் இது கிடைக்கும். ஜூலையில பத்தொம்பது நாளைக்குப் போட்டிருக்கு!”

“யாரு போட்டா?”

“அதுதான் தெரியல. பதினாலாந்தேதி அண்ணாச்சி விளாத்திகுளத்துல வத்தல் கடை திறந்து வச்சாவ. பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு. அதே பதினாலாந்தேதி டெல்லியில கையெழுத்தும் இருக்கு. ரெண்டும் எதிர்க்கட்சிக்காரன் கையில சிக்குனா, பொய்க் கையெழுத்துப் போட்டுத் தினப்படி தின்ன எம்.பி.ன்னு நாறடிச்சிருவான். பதவி போயிரும் மதினி. நாம எல்லாரும் தெருவுலதான்.”

பின்கட்டில் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. “செண்பகம், வெயில்ல வந்திருக்கியே. மோர் குடிச்சியாப்பா?”

செண்பகராஜ் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஊஞ்சலில் நவநீதகிருஷ்ணன் சாய்ந்திருந்தார். தாளை வாங்கும்போது அவர் விரல் அவன் கையில் பட்டது. ஆழக் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. ஒவ்வொரு தேதியாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

“என் பேருதான் போட்டிருக்கு” என்றார். சிரித்தார். தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

அவன் வேகமாக முன்கட்டுக்கு வந்தான்.

“அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. எனக்கு டெல்லி குவார்ட்டர்ஸ் சமையக்காரன் மேலதான் சந்தேகம். போன் போட்டு ஒரு மிரட்டு மிரட்டுதேன்.”

“வேண்டாம் தம்பி.”

“எம்.பி. வீட்டுப் போனு மதினி! எஸ்.டி.டி. எல்லாம் ஓசி. நம்ம வீட்டுக் காசா?”

“வேண்டாம்னு சொல்லுதேன்ல.”

அதற்குள் அவன் எண்களைச் சுற்றிவிட்டிருந்தான். அங்கே மணி அடித்தது. இரண்டு... மூன்று... யாரோ எடுத்தார்கள்.

“எவம்லே அது?”

செண்பகராஜ் ரிசீவரைக் காதோடு அழுத்தினான். பதினோரு வருஷமாக அவனை விரட்டிய குரல்.

“அ... அண்ணாச்சி?”

“செண்பகமா? ஏலே மூதி! ஒரு மாசமா ஒரு போன் உண்டாலே? சபை நடக்குது, இங்கன ஒரு நாள் அசைய முடியல. வீட்டுக்குப் போன் பண்ணுனா அந்த எருமை என் குரலைக் கேட்டதும் வச்சிருதா. வெள்ளிக்கிழமை காலையில ரயில்ல வந்து எறங்குதேன். போன் வச்ச கையை ஒடிக்கேன்னு சொல்லு அவகிட்ட!”

தொடர்பு அறுந்தது. ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

பின்கட்டில் ஊஞ்சல் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது.

மீனாட்சியம்மாள் மறுபடி கீரை ஆயத் தொடங்கியிருந்தாள்.

“மதினி... டெல்லியில இருந்து அண்ணாச்சி பேசுனாவ. இங்க வாராவளாம்.”

“மெதுவாப் பேசு.”

“அப்ப, உள்ள இருக்கிறது?”

அவள் இன்னொரு கீரைத் தண்டை ஒடித்தாள்.

“ஐயோ மதினி! ஒரு மாசமா ஒரே வீட்டுல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியலையா?”

“வந்த மூணாம் நாளே தெரியும்.”

“யாரு அது? எங்கன இருந்து வந்தாப்ல?”

“கேக்கல. கேட்டா போயிருவாவளோன்னு பயம்.” அவள் தலையை நிமிர்த்தவில்லை. “கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் தம்பி. எம்மேல ஒரு அடி விழாம கழிஞ்ச மாசம் இது ஒண்ணுதான்.”

அவள் முந்தானையை உதறி எழுந்தாள். “எப்ப வாராராம்?”

“வெ... வெள்ளிக்கிழமை காலையில.”

“அப்ப போனைக் கீழ வச்சிராத” என்றாள் மீனாட்சியம்மாள். “போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிடு. எம்.பி. மாதிரியே வேஷங்கட்டிக்கிட்டு டெல்லியில எவனோ ஒருத்தன் பத்தொம்பது நாள் கள்ளக் கையெழுத்துப் போட்டுத் தினப்படி வாங்கியிருக்கான், வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில வந்து எறங்குதான், பிடிச்சு உள்ள போடுங்கன்னு எம்.பி. சம்சாரம் புகார் குடுக்காவன்னு சொல்லு.”