இடது காதுக்கு உரியவன்

"ஓம் அக்கா, இடது பக்கத்த இன்னும் அவனுக்குத்தான் குடுக்கிறன்," என்றாள் சதுர்ஜா தன் அக்காவிடம்.

மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதைப் படகில், அவளும் அவள் நண்பன் கேதுஷனும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்து, எண்பது நிமிட ஜாஸ் ஃபியூஷன் ஆல்பமொன்றைத் தினமும் கொஞ்சமாகக் கேட்டு வந்தார்கள். பதினொரு நிமிடம் மீதமிருக்கையில் டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, நேற்று அவள் தனியே படகேறினாள். இடது இயர்போனை அவன் உட்காரும் பலகையில் வைத்தாள். சாக்ஸஃபோன் மெல்லத் தேய்ந்து ஆல்பம் முடிந்தது. பலகையில் கிடந்ததை எடுத்தாள். காதிலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல் சூடாக இருந்தது.

"வெயில் பட்டிருக்கும்," என்றாள் அக்கா.

"நேத்து முழுக்க மழைதானே அக்கா. முடிஞ்சிற்று எண்டு இறங்கிப் போயிருப்பானா, இல்லாட்டி முதல்ல இருந்து போடட்டும் எண்டு இருக்கிறானா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"